நேர்முகப் பரீட்சையும் நமது பிள்ளைகளும்



  

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே நமது சப்ரகமுவ மாகாணம். இங்கு முஸ்லிம்கள் மாவனல்லை, பலாங்கொடை போன்ற நகர்களில் செறிந்தும், இறக்குவானை, காவத்தை, எஹலியகொடை, தெரணியகலை, யட்டியந்தோட்டை போன்ற இடங்களில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அண்டிய கடைத்தெருக்களில் சிறு சிறு தொகையினராகவும் வாழ்ந்து வருகின்றனர். தோட்டங்களுக்குள்ளேயே லயன் அறைகளில் வாழும் குடும்பங்களும் உள்ளன. இக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று உயர்தரம் வரை படிக்கின்றனர், பல்கலைக்கழகமும் செல்கின்றனர். ஆனால் படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது. அவ்வாசலில் ஒரு மேசையும், அதற்கப்பால் மூன்று நான்கு அதிகாரிகளும் இருப்பர். பல வருடப் படிப்பின் பலனை அங்கே சில நிமிடங்களில் எடுத்துக்காட்ட வேண்டும். அதுவே நேர்முகப் பரீட்சை.

அவ்வாசல் வரை சென்று திரும்பி வரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்கள் திரும்பி வருவதற்குரிய காரணங்களை உற்று நோக்கினால் அறிவுக் குறைவு அவற்றுள் பெரிதாகத் தென்படுவதில்லை. ஒருவரின் பத்திரங்கள் ஒழுங்காக இருந்திராது. இன்னொருவருக்குக் கேட்ட கேள்விக்கு நா எழுந்திராது. இவ்விரண்டும் முன்கூட்டியே சீர்செய்யக்கூடிய குறைகள். அவற்றைச் சீர்செய்யும் வழியை இன்று நோக்குவோம்.

இறைத்தூதர்களின் வாழ்வில்

நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சற்றுச் சிந்தியுங்கள். மன்னர் சிறையிலிருந்து அவர்களை அழைத்து வருமாறு கூறியபோது அவர்கள் உடனே ஓடிவிடவில்லை. முதலில் தம்மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட வேண்டும் என்றார்கள். நற்பெயர் உறுதியான பின்னரே அரசவைக்கு வந்தார்கள். மன்னர் அவர்களோடு உரையாடினார். உரையாடிய பின் அவர்களது தகுதியை ஏற்றுக்கொண்டார். அப்போது அவர்கள், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்டு, அப்பொறுப்புக்குரிய இரண்டு தகுதிகளையும் கூறினார்கள். ஒன்று, பாதுகாக்கும் நேர்மை. மற்றையது, அத்துறை பற்றிய அறிவு.

இங்கே நமது பிள்ளைகளின் ஒரு சந்தேகம் தீர்கிறது. "என்னிடம் இன்ன திறமை இருக்கிறது என்று நானே சொல்வது பெருமையடிப்பது ஆகாதா?" எனச் சிலர் தயங்குகின்றனர். பொறுப்பு வகிக்கத் தகுதியுடையவர் தேவை ஏற்படும்போது தமது தகுதியை உண்மையாக எடுத்துக் கூறுவது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இச்சம்பவத்தையே ஆதாரம் காட்டியுள்ளனர். இல்லாததைக் கூறுவதே பிழை. இருப்பதைக் கூறாமல் தலைகுனிந்து நிற்பது பணிவு என்று எண்ண வேண்டியதில்லை.

நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்நிலையில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை, நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், பலமும் நம்பிக்கையும் உடைய இவரையே வேலைக்கு அமர்த்துங்கள் என்று சிபாரிசு செய்தார். மூஸா (அலை) அவர்களுக்குரிய நேர்முகப் பரீட்சை நீர்நிலையருகிலேயே நடந்து முடிந்திருந்தது. அது பரீட்சை என்பது அவர்களுக்குத் தெரியாது. நமது பிள்ளைகள் கடையில், பாடசாலையில், பஸ்ஸில், மஸ்ஜிதில் நடந்துகொள்ளும் விதத்தை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நாளை நற்சான்றிதழ் எழுதுபவர் அவராகவும் இருக்கக்கூடும்.

அழைப்புக் கடிதத்தைக் கவனமாக வாசித்தல்

அரச தொழில்களுக்கான விளம்பரங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானியில் வருகின்றன. அதனை அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாகாண சபைக்குரிய பதவிகளுக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் கவனிக்க வேண்டும். வயதும் கல்வித் தகைமையும் பொதுவாக விண்ணப்ப முடிவுத் திகதியன்று பூர்த்தியாகியிருத்தல் வேண்டும். பல மாகாணப் பதவிகளுக்குக் குறித்த காலம் மாகாணத்தில் நிரந்தரமாக வசித்தமையை நிரூபிக்குமாறு கேட்பர். அதற்குத் தேருநர் இடாப்பின் பிரதி உதவும். எனவே 18 வயது நிரம்பிய பிள்ளையின் பெயர் இடாப்பில் பதிவாகியுள்ளதா என இன்றே கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

அரச சேவையின் நேர்முகப் பரீட்சையில் இரு வகை உண்டு. பொது நேர்முகப் பரீட்சையில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. விண்ணப்பத்தில் கூறிய தகைமைகள் மெய்யாகவே உள்ளனவா என்று மூலப்பத்திரங்களைப் பார்த்து உறுதிசெய்வர். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையிலோ புள்ளிகள் உண்டு. மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழித் தேர்ச்சி, கணினி அறிவு, வெளிப்படுத்தும் ஆற்றல் போன்றவற்றுக்கு எத்தனை புள்ளி என்பது பெரும்பாலும் விளம்பரத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். ஆசிரியப் பதவியாயின், ஒரு பாடத்தைச் சில நிமிடங்கள் கற்பித்துக் காட்டும் செயன்முறைப் பரீட்சையும் நடைபெறுவதுண்டு. எந்த வகைக்கு அழைக்கப்பட்டுள்ளோம் என்பதை அறியாமல் செல்வது, எந்தப் பாடத்திற்குப் பரீட்சை என்று தெரியாமல் மண்டபத்துக்குள் நுழைவதற்கு ஒப்பானது.

வாய்ப்பு எப்போதும் மெதுவாக வருவதில்லை. 2014ஆம் ஆண்டில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்க விண்ணப்பம் கோரப்பட்டது. சப்ரகமுவவின் தோட்டப் பாடசாலைகளும் அதில் அடங்கின. இத்தகைய அறிவித்தல் வந்த பின்னர் பிறப்புச் சான்றிதழைத் தேட ஆரம்பிப்பவருக்கு நாள் போதாது.

பத்திரங்களும் பெயரும்

வீட்டில் ஒரு கோவை இருத்தல் வேண்டும். அதில் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூலப்பத்திரம் ஒரு புறம். உறுதிப்படுத்திய நிழற்பிரதிகள் மறு புறம். நமது மாகாணம் மழைக்கும் மண்சரிவுக்கும் பெயர்பெற்றது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரியை வெள்ளம் சூழ்ந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகவே அக்கோவையைத் தண்ணீர் புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வைப்பதோடு, அனைத்தையும் படமெடுத்துத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சேமித்து வையுங்கள்.

இனி, நமது சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலைக் கூற வேண்டும். அது பெயர். பிறப்புப் பதிவில் சிங்களத்தில் "மொஹமட்" என்றிருக்கும்; பாடசாலை இடாப்பில் தமிழில் "முஹம்மது" என்றிருக்கும்; பரீட்சைச் சான்றிதழின் ஆங்கில எழுத்துக்கள் வேறொரு விதமாக இருக்கும். ஓரிடத்தில் வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக வரும். இன்னோரிடத்தில் அதுவும் இராது. வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே பிள்ளைதான். நேர்முகப் பரீட்சைச் சபைக்கோ அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். அத்தருணத்தில் எவ்வளவு விளக்கினாலும் அதிகாரி பத்திரத்தையே நம்புவார். அவ்வாறு நம்புவதே அவரது கடமையுமாகும்.

எனவே இன்றிரவே எல்லாப் பத்திரங்களையும் ஒரு பாயில் விரித்துப் பெயர், பிறந்த திகதி, பெற்றாரின் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய வேறுபாடாயின், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்றை முடித்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவை நாட வேண்டும். அத்திருத்தத்துக்குக் காலம் எடுக்கும். தோட்டங்களில் பிறந்து, பிறப்பே பதியப்படாதவர்களும் உள்ளனர். அவர்கள் காலங்கடந்த பதிவு பற்றி அங்கேயே விசாரிக்கலாம். அடையாள அட்டைக்கு 15 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தோட்டங்களில் வசிப்போரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்துவதும் உண்டு.

கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி. வாகனத் திருத்துமிடத்தில், தச்சுப் பட்டறையில், மின்னிணைப்பு வேலையில் வருடக்கணக்காக உழைத்த இளைஞர்கள் முன்கற்றல் அங்கீகாரம் என்னும் முறையின் மூலம் தமது திறமையைப் பரிசோதிக்கச் செய்து, என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறலாம். அது 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும் 7ஆம் மட்டம் பட்டத்துக்கும் உரியவை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் இது பற்றி விசாரியுங்கள்.

மொழி

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது நமது உரிமை. எனினும் சப்ரகமுவவில் மக்களுக்குச் சேவை செய்ய விரும்புபவர் சிங்களமும் பேசத்தான் வேண்டும். 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்வோர் 5 ஆண்டுகளுக்குள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என அவ்வாண்டின் அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. நமது கடைத்தெருப் பிள்ளைகள் சிங்களம் பேசுவர். ஆனால் அது சந்தையின் சிங்களம். அலுவலகத்தில் "ஒயா" என்று அழைப்பதற்கும் மரியாதையாக விளிப்பதற்கும் வேறுபாடு உண்டு. அயலிலுள்ள ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒரு மணித்தியாலம் சென்று பேசிப் பழகுங்கள். மொழியோடு நல்லுறவும் வளரும்.

சபையில் கேட்கப்படுபவை

"உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்பதே பெரும்பாலும் முதற் கேள்வி. இதற்குக் குடும்ப வரலாறு முழுவதையும் கூற வேண்டியதில்லை. பெயர், ஊர், கற்ற பாடசாலை, பெற்ற தகைமை, செய்த வேலை, இப்பதவியை நாடும் காரணம் ஆகியவற்றை ஒரு நிமிடத்துக்குள் கூறி முடிக்கப் பழக வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்துத் தடவை வாய்விட்டுக் கூறிப் பாருங்கள். மனத்தில் நினைத்துப் பார்ப்பது வேறு. நாவினால் கூறுவது வேறு.

"அனுபவம் உண்டா?" என்றதும் "இல்லை சேர்" என்று நம் பிள்ளை தலை குனிந்துவிடுகிறது. உண்மையில் அப்பிள்ளை ஐந்து வருடமாக வாப்பாவின் கடையில் நின்றிருக்கும். தோட்டத்துச் சம்பள நாளை எதிர்பார்த்து எத்தனை குடும்பங்களுக்குக் கடன் கொடுக்கலாம் என்று கணித்திருக்கும். கடன் கொப்பியைச் சதம் தவறாமல் எழுதியிருக்கும். சரக்கு முடியுமுன் நகருக்குச் சென்று கொள்முதல் செய்திருக்கும். கோபத்தோடு வந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கும். கணக்கு, கையிருப்பு, கொள்முதல், மக்கள் தொடர்பு என்று இவை ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. ஒரு வங்கியின் சபை முன்னிலையில் இதனையே இவ்வாறு கூறலாம்: "தோட்டத்தை அண்டிய எங்கள் குடும்பக் கடையில் நான் ஐந்து வருடமாகக் கடன் கணக்கைப் பேணி வந்தேன். யாரால் திருப்பித் தர முடியும், யாருக்குத் தவணை கொடுக்க வேண்டும் என்பதை அங்கே கற்றேன்." இதில் பொய்யும் இல்லை, பெருமையும் இல்லை.

தெரியாத கேள்வி வந்தால் "அதை நான் அறிந்திருக்கவில்லை; அறிந்துகொள்வேன்" என்று கூறுவது கண்ணியமானது. ஊகித்துக் கூறி அகப்பட்டுக்கொள்வதால் மற்றைய விடைகளின் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். சுயவிபரக் கோவையில் படிக்காத பாடநெறியை எழுதுவதும், செய்யாத வேலையைச் சேர்ப்பதும் பொய்ச் சாட்சியத்தின் இனத்தைச் சேர்ந்தவை. பரீட்சைப் பெறுபேறுகளை நிறுவனங்கள் பரீட்சைத் திணைக்களத்திடமே உறுதிசெய்துகொள்ளும் காலம் இது. மறுமையில் மட்டுமன்றி இம்மையிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

தனியார் நிறுவனமாயின், அந்நிறுவனம் என்ன செய்கிறது என்பதை அறிந்து செல்லுங்கள். தேயிலைத் தொழிற்சாலையொன்றின் எழுதுவினைஞர் வேலைக்குச் செல்பவர், கொழுந்து எவ்வாறு தூளாகிறது என்பதையும் அது கொழும்பு ஏல விற்பனைக்குச் செல்வதையும் அறிந்திருந்தால் சபையினர் நிமிர்ந்து பார்ப்பர். இறுதியில் "ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்றால் தயங்காமல் கேளுங்கள். நியமனக் கடிதம் தருவார்களா? ஊழியர் சேமலாப நிதி உண்டா? அந்நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் கொள்வோரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொள்வோரிடமிருந்து 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும் என்பது சட்டம். மூஸா (அலை) அவர்களின் வேலை ஒப்பந்தத்திலும் எட்டு வருடம், விரும்பினால் பத்து என்று காலம் முன்கூட்டியே பேசப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். ஜும்ஆத் தொழுகைக்குச் செல்வது பற்றிக் கேட்பதாயின் அதனையும் இவ்விடத்தில், உரிமைச் சண்டையாக அல்லாமல், "அந்நேரத்தை வேறு நேரத்தில் ஈடுசெய்வேன்" என்ற பணிவோடு கேட்கலாம்.

அன்றைய தினம்

தெரணியகலையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ காலை 9 மணிக்குக் கொழும்பில் நிற்பது எளிதன்று. முதல் பஸ்ஸை நம்பிச் செல்வதிலும் முந்திய நாளே உறவினர் வீடொன்றில் தங்குவது மேல். ஆடை புதிதாக இருக்க வேண்டியதில்லை. சுத்தமாகவும் சுருக்கமின்றியும் இருந்தால் போதும். ஹிஜாப் அணியும் சகோதரிகள், அடையாள அட்டையின் படத்தோடு முகத்தை ஒப்பிடுவர் என்பதை முன்கூட்டியே அறிந்து தயாராகச் செல்லுங்கள். எதிர்ப்பாலார் கைகொடுக்க முன்வந்தால் நெஞ்சில் கைவைத்துப் புன்னகையோடு முகமன் கூறுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது தவறான எண்ணத்தைத் தரும். இணையவழி நேர்முகப் பரீட்சையாயின், தோட்டத்தில் தொலைபேசிச் சமிக்ஞை எங்கே சீராகக் கிடைக்கிறது என்று முன்தினமே பார்த்து வையுங்கள்.

நா தடுமாறும் என்ற அச்சமுடையோர் ஸூரா தாஹாவின் 25 முதல் 28 வரையுள்ள வசனங்களில் வரும் மூஸா (அலை) அவர்களின் துஆவை ஓதிக்கொள்ளுங்கள். நெஞ்சம் விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் கேட்கும் துஆ அது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆயத்தம் செய்யாமல் துஆ மட்டும் கேட்பது கட்டாத ஒட்டகத்தை விட்டுச் செல்வதாகும்.

தரகரும் கையூட்டும்

கண்ணியமிக்க பெற்றார்களே! நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்த செய்தி ஊரில் பரவியதும் ஒருவர் வீடு தேடி வருவார். "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் பெயர் பட்டியலில் வரும்" என்பார். உம்மாவின் காதிலுள்ள தோடு அடகுக் கடைக்குச் செல்கிறது. பிள்ளை தகுதியால் தெரிவானாலும் அது தன் வேலையே என்பார் அவர். தெரிவாகாவிட்டால் அடுத்த முறை என்பார். இரு வழியிலும் இழப்பு நமக்கே. வேலை கிடைத்தாலும், தகுதியுடைய இன்னோர் ஏழைப் பிள்ளையின் இடத்தைப் பணம் கொடுத்துப் பறித்தோம் என்றால், அதன் பின் வரும் ஒவ்வொரு மாதச் சம்பளமும் உள்ளத்தை உறுத்தாதா? லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். நாட்டுச் சட்டமும் இருவரையும் குற்றவாளிகளாகவே காண்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வெளிநாட்டு வேலைக்கென நகரின் ஹோட்டல்களில் நடைபெறும் நேர்முகப் பரீட்சைகளிலும் விழிப்பு வேண்டும். முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் உடையவரா, அக்குறித்த தொழிலுக்குப் பணியகம் அனுமதி வழங்கியுள்ளதா என்று 1989 என்ற இலக்கத்தில் விசாரித்த பின்னரே கடவுச்சீட்டையும் பணத்தையும் கையளியுங்கள்.

பெற்றாரின் பங்கும் அதன் பின்னரும்

பெற்றார் செய்யக்கூடிய பெரிய உதவி, பிள்ளையைப் பேசவிடுவதாகும். வீட்டில் கேள்வி கேட்டால் அதட்டல் விழும் பிள்ளை, சபையில் எவ்வாறு வாய் திறக்கும்? விருந்தாளி வந்தால் பிள்ளையையே வரவேற்று உரையாடச் செய்யுங்கள். வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அப்பிள்ளையையே முன்னிறுத்தி அனுப்புங்கள். பெண் பிள்ளையின் அழைப்புக் கடிதத்தை "தூரம்" என்று கூறி மடித்து வைத்துவிடாதீர்கள். வாப்பாவோ சகோதரரோ துணையாகச் சென்று வெளியே காத்திருங்கள். அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை அடியோடு நிறுத்துங்கள்.

மஸ்ஜித் நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஓர் இரவு இஷாவுக்குப் பின் மண்டபத்தில் ஒரு மேசையைப் போடுங்கள். ஓய்வுபெற்ற அதிபர், வங்கி உத்தியோகத்தர், வர்த்தகர் மூவர் சபையாக அமரட்டும். இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து விடையளித்துப் பழகட்டும். யுவதிகளுக்கு ஆசிரியைகளைக் கொண்டு தனியாக ஒழுங்கு செய்யலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. முதல் தடவை நடுங்கும் குரல் நான்காம் தடவை தெளிவாகும்.

தெரிவாகாவிட்டால் துவண்டுவிடாதீர்கள். "முஸ்லிம் என்பதால் தள்ளிவிட்டார்கள்" என்ற முடிவுக்கு ஆதாரமின்றி வந்துவிடவும் வேண்டாம். அநீதி நடந்திருக்கவும் கூடும். நம் ஆயத்தம் குறைந்திருக்கவும் கூடும். எது உண்மை என்பதை அறியச் சட்டம் வழி தந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிறுவனமொன்றில் உமக்கு வழங்கப்பட்ட புள்ளிகளைக் கேட்டு அந்நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். புள்ளியைப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். அநீதி எனத் தெரிந்தால் முறையிடும் கையில் ஆதாரமும் இருக்கும்.

அன்பார்ந்த இளைஞர்களே! ரிஸ்க் அல்லாஹ்வின் பொறுப்பில் உள்ளது. அதைத் தேடிச் செல்லும் கால்கள் நம்முடையவை. பத்திரம் ஒழுங்காகட்டும், நா பழகட்டும், உள்ளம் நேர்மையாகட்டும். அதன் பின் கிடைத்தால் நன்றி கூறுவோம். தாமதித்தால் பொறுமையோடு அடுத்த வாசலைத் தட்டுவோம். ஹலாலான உழைப்பினால் நமது குடும்பங்களை நிமிரச் செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.